சிவப்புக் கோடும் ஒரு விரல் வெள்ளையும்

ரெஃப்ரீ கண்ணாடியைத் தட்டினார். விரல் முட்டியால் டொக் டொக் என்று இரண்டு தட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனித்தளம். இந்தப் பக்கம் நான். மடியில் கம்பளி, கழுத்தில் மப்ளர், கையில் ஆறிப்போன காபி. வெளியே டெக்சாஸ் மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் மட்டும் உள்ளே ஊட்டிக்கு டூர் வந்தவன் கோலத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ரெஃப்ரீயின் முதுகுக்குப் பின்னால் கோல் வலை. வலைக்கு முன்னால் என் மனைவி மேகலா, மண்டி போட்டபடி, முகத்தில் கம்பிக் கூண்டு வைத்த ஹெல்மெட்டோடு. அவளைச் சுற்றிப் பச்சைச் சட்டைக்காரிகள் கையைத் தூக்கிக்கொண்டு கோல் கோல் என்று கத்துகிறார்கள். மஞ்சள் சட்டைக்காரிகள் இல்லவே இல்லை என்று கத்துகிறார்கள். மேகலா கத்தவில்லை. கூண்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஃப்ரீ கேட்டது ஒரே கேள்வி. கோட்டைத் தாண்டியதா, இல்லையா?

அந்த அரங்கில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் அதைச் சரியாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பதிலும் சொன்னேன். சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன். அதில்தான் வந்தது வினை.

ஒரு கை பார்க்கிறேன் என்றவள்

போன வாரம் இந்தப் பத்தியில் நியூ ஜெர்சி பார்சிப்பனி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திண்டுக்கல் வாசகர் ஒருவர் கோபமாகக் கடிதம் போட்டிருந்தார். மனைவி பனியில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதோடு நிறுத்திவிட்டீர்களே, அப்புறம் என்ன ஆனது என்று. அப்புறம்தான் ஐயா எல்லாமே ஆனது.

படிக்காதவர்களுக்காக: மேகலா நாமக்கல்காரி. ஃப்ரீசர் ஓரத்தில் படிகிறதே, அந்த வரைக்கும்தான் அவளுக்குப் பனியோடு பழக்கம். கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்த முதல் குளிர்காலத்தில், அபார்ட்மெண்ட் பார்க்கிங் லாட்டில், இரண்டு கையிலும் மளிகைப் பையோடு, கண்ணுக்குத் தெரியாத பனிப் படலத்தில் கால் வைத்தாள். மணிக்கட்டு போய்விட்டது. ஆறு வாரம் கட்டு. ஆறு வாரமும் என் சமையல். இரண்டில் எது பெரிய தண்டனை என்று அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

கட்டுப் பிரித்த அன்று ஜன்னல் வழியாக அந்த இடத்தையே முறைத்துக்கொண்டு, இந்த ஐஸை ஒரு நாள் ஒரு கை பார்க்கிறேன் என்றாள். நான் சிரித்தேன். மேகலா கோபத்தில் சொல்வதைச் சிரித்துக்கொண்டு கேட்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

பல வருஷம் கழித்து வேலை மாறி டெக்சாஸ் வந்தோம். ஆலன் ஊரில் வீடு. பனி என்ற பேச்சே இல்லாத ஊர், தொல்லை விட்டது என்று நான் நினைத்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவில் ஒரு பனித்தளம் இருந்தது. கூரை போட்டு, ராட்சத ஏசி வைத்து, வெயிலுக்கு நடுவே பனியை வளர்க்கிறார்கள். மேகலா ஒரு நாள் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டுக் காரை மெதுவாக்கினாள்.

முப்பத்தெட்டு வயதில் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் ஆறு வயசுப் பிள்ளைகள். அதுகள் சர்ரென்று போக, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி போவாள். பொங்கல் விழாவில் ஒரு ஆன்ட்டி, இந்த வயசுல எதுக்கும்மா கை காலை உடைச்சுக்கற என்று கேட்டார். ஏற்கனவே ஒடைச்சாச்சுங்க ஆன்ட்டி, அதனாலதான் போறேன் என்றாள் மேகலா. ஆன்ட்டிக்குப் புரியவில்லை. எனக்கே அன்றைக்குப் புரியவில்லை.

ஸ்கேட்டிங் ஹாக்கியில் போய் முடிந்தது. அந்தப் பனித்தளத்தில் பெண்களுக்கு ஒரு லீக் உண்டு. நர்ஸ்கள், டீச்சர்கள், அக்கவுண்டண்டுகள், ஒரு தீயணைப்புக்காரி. மஞ்சள் அணிக்குக் கோல்கீப்பர் கிடைக்கவில்லை. மேகலா பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடியவள். கையில் வந்ததைக் கீழே விட்டதாகச் சரித்திரமே கிடையாது. கேட்டதும் சரி என்றுவிட்டாள்.

கருப்பட்டி

ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்காக நாலே வரி. பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர். எல்லோர் காலிலும் அடியில் கத்தி வைத்த ஷூ, கையில் வளைந்த மட்டை. பந்து கிடையாது. கறுப்பு ரப்பர் வட்டு, பக் என்பார்கள். அச்சு அசல் கருப்பட்டி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கருப்பட்டிதான். இன்னிக்கு முப்பது கருப்பட்டி வந்துச்சுங்க, ரெண்டைத்தான் விட்டேன் என்பாள் வீட்டுக்கு வந்து.

விதிகளில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி கோல் கோட்டை முழுசாகத் தாண்ட வேண்டும். கோட்டின் மேல் துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் கோல் கிடையாது. சிவப்புக் கோட்டுக்கும் கறுப்பு வட்டுக்கும் நடுவே வெள்ளைப் பனி தெரிந்தால்தான் கோல்.

டிவியில் கிரிக்கெட் பார்த்து அம்பயரைத் திட்டி வளர்ந்தவன் நான். இந்த ஆட்டத்தை முதலில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன். மேகலாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, காரிலேயே ஏசி போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பேன். ஒரு நாள் பாத்ரூம் போக உள்ளே போனவன், கண்ணாடி ஓரமாக நின்றுவிட்டேன். ஒருத்தி ஓங்கி அடிக்கிறாள். அடித்தது எனக்குத் தெரிந்தது, வந்தது தெரியவில்லை. மேகலாவின் இடது கை மட்டும் மேலே போய் நின்றது. கையுறையைத் திறந்தாள், உள்ளே கருப்பட்டி. ஒன்றுமே நடக்காத மாதிரி அதை ரெஃப்ரீயிடம் தூக்கிப் போட்டாள்.

வீட்டில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் சோபா மேல் ஏறி நிற்கிறவள் இவள்தானா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு ஆட்டம் விட்டதில்லை.

மஞ்சளும் பச்சையும்

லீகில் ஆறு அணி இருந்தாலும் பிளேஆஃப் என்று வந்தால் முட்டிக்கொள்வது மஞ்சளும் பச்சையும்தான். மூன்று வருஷமாக இதே கதை.

இரண்டு அணிக்கும் ஆட்டத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மஞ்சள் அணி ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தட்டித் தட்டி, கோலம் போடுகிற மாதிரி நிதானமாக மேலே போவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பச்சை அணிக்கு அழகெல்லாம் தேவையில்லை. கருப்பட்டியை எதிராளி பக்க மூலைக்கு ஓங்கி விட்டெறிந்துவிட்டு மூன்று பேர் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். சுவரோரம் முட்டி மோதிப் பிடுங்கிக் கோலுக்கு முன்னால் தள்ளுவார்கள். அங்கே கிரெட்டா நிற்பாள்.

கிரெட்டா பச்சை அணியின் கேப்டன். ஆறடி உயரம், ஐம்பதை நெருங்கும் வயது, ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர். மேகலாவின் மூக்குக்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் அவளுடைய வேலை. கோல்கீப்பருக்கு எதுவும் தெரியக் கூடாது. நவுந்து நில்லு தாயி என்று மேகலா தமிழிலேயே சொல்லிப் பார்ப்பாள். கிரெட்டா நகர மாட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி நிற்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். தூரத்திலிருந்து வருகிற அடியெல்லாம் அவள் காலில்தான் விழும்.

முதல் வருஷம் பச்சை ஜெயித்தது. கடைசிக் கோல் ஒருத்தியின் ஷூவில் பட்டு உள்ளே போனது. உதைத்துத் தள்ளினாள், செல்லாது என்று மஞ்சள் அணி சண்டை போட்டது. தானாகப் பட்டது, செல்லும் என்றார் ரெஃப்ரீ. இரண்டாம் வருஷம் மஞ்சள் முறை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கிரெட்டா மட்டையால் கொக்கி போட்டு இழுத்தாள் என்று சொல்லி ரெஃப்ரீ அவளை இரண்டு நிமிஷம் தண்டனைப் பெட்டியில் உட்கார வைத்தார். அந்த இரண்டு நிமிஷத்தில் மஞ்சள் கோல் போட்டு அரையிறுதியைத் தாண்டியது. ஆனால் இறுதியில் வேறொரு அணியிடம் தோற்றது. கிரெட்டா கொக்கி போடவே இல்லை என்று பச்சைக்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை மேகலாவிடம் சொல்லி ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது தனிக்கதை.

அதற்கப்புறம் காய்கறிக் கடையில் மஞ்சளும் பச்சையும் எதிரெதிரே வந்தால், இரண்டு பேரும் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் வருஷம் வந்தபோது மேகலாவுக்கு நாற்பத்தைந்து. வலது முழங்காலில் ஜவ்வு தேய்ந்து போயிருந்தது. கோல்கீப்பர் நூறு தடவை தொப்பென்று மண்டி போட வேண்டும்; வேறென்ன ஆகும்? ஸ்கேன் பார்த்த டாக்டர், ஜூனில் ஆபரேஷன், அதற்கப்புறம் கோல்கீப்பிங் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அணியில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும், இதுதான் கடைசி.

கோப்பை என்னவோ சாதாரணத் தகரக் கோப்பைதான். ஜெயித்த அணியில் ஆளுக்கு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது லீகின் வழக்கம். மேகலா பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். கேட்டதற்கு, தூசி தட்டினேன் என்றாள்.

வாயை மூடும் வேலை

இந்த இடத்தில் என் பெருமையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் நான் கேலரியில் உட்கார்ந்து ரெஃப்ரீக்களைத் திட்டினேன். தமிழில்தான் திட்டினேன், யாருக்கும் புரியாது என்ற தைரியம். வார்த்தை புரியாவிட்டாலும் ராகம் புரிந்துவிடுகிறது. இரண்டு தடவை எச்சரித்தார்கள். மூன்றாவது வருஷம் லீக் நடத்துகிற அம்மா ஒரு உபாயம் கண்டுபிடித்தார். பிளேஆஃபுக்கு மட்டும் ஒவ்வொரு கோலுக்குப் பின்னாலும் ஒரு கோல் ஜட்ஜை உட்கார வைப்பார்கள். கருப்பட்டி கோட்டைத் தாண்டினால் பட்டனை அழுத்தி சிவப்பு லைட்டை எரிய விட வேண்டும். அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

காரணம் ரொம்ப எளிமை. கோல் ஜட்ஜ் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, வாயையே திறக்கக் கூடாது.

மனைவி ஆடுகிற ஆட்டத்துக்கு நானா என்று கேட்டேன். எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் உட்காரப் போவது பச்சை அணிக்காரி ஒருத்தியின் தங்கை. இந்தச் சின்ன லீகில் சொந்தக்காரர் இல்லாத ஆளைத் தேடினால் பார்க்கிங் லாட்டில்தான் தேட வேண்டும் என்றார் அந்த அம்மா. இரண்டு கேப்டன்களும் ஒப்புக்கொண்டார்கள். கிரெட்டா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை. ஆளுக்கு ஒன்று ஜெயித்தாகிவிட்டது. மூன்றாவது ஆட்டம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்றைக்குப் பார்த்து என் பக்கத்து லைட் எரியவில்லை. ரெஃப்ரீ, இருபத்தைந்து வயசு இருக்கும், சாந்தமான பிள்ளை. லைட் போனால் போகட்டும் சார், சந்தேகம் வந்தால் நானே வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விரல்

மூன்றாவது பீரியட், அதாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதி. மேகலா என் பக்கத்துக் கோலில். மஞ்சள் இரண்டு, பச்சை ஒன்று. இன்னும் நாலு நிமிஷம் தாங்கினால் கோப்பை.

பச்சைக்காரிகள் மூலையில் விட்டெறிந்தார்கள், துரத்தினார்கள், பிடுங்கினார்கள், நடுவில் தள்ளினார்கள். கிரெட்டா திரும்பி ஒரு அடி அடித்தாள். மேகலாவின் காலில் பட்டது. ஐந்தாறு பேர் மேலே விழுந்தார்கள். எல்லோருக்கும் அந்த மனிதக் குவியல்தான் தெரிந்தது. பின்னாலிருந்த எனக்கு மட்டும் அடியில் நடந்தது தெரிந்தது.

மேகலாவின் கால் கவசத்துக்கு அடியிலிருந்து கருப்பட்டி மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. கோட்டின் மேல் ஏறியது. தாண்டியது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. மறு நொடி அவள் காலை இழுக்க, கருப்பட்டியும் கூடவே வெளியே போய்விட்டது. விசில்.

அப்புறம்தான் ரெஃப்ரீ கண்ணாடியைத் தட்டினார். தாண்டியதா என்று கேட்டார்.

வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. திறந்தாலும் அந்தக் கூச்சலில் என்ன கேட்டுவிடப் போகிறது? தலையை இடமும் வலமுமாகச் சாய்த்து நன்றாக ஆட்டினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை ஆட்டினேன். ஆமாம், தாண்டியது.

நம் ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும். ரெஃப்ரீ கட்டைவிரலைத் தூக்கி எனக்கு நன்றி சொன்னார். திரும்பிப் போய் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து வீசினார். கோல் இல்லை.

மஞ்சள்காரிகள் துள்ளிக் குதித்தார்கள். கிரெட்டா கையுறையைக் கழற்றிப் பனியில் அடித்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் ஆமாம் என்கிறேன், இவர் இல்லை என்கிறாரே, வேறு ஏதாவது விதி இருக்கும் போல, கடைசி முடிவு ரெஃப்ரீயுடையதுதானே என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் கடமையையும் செய்துவிட்டேன், கோலும் போகவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க, பக்கத்து வட்டத்தில் கருப்பட்டியைப் போடத் தயாரானார்கள். அது கீழே விழுந்துவிட்டால் அவ்வளவுதான், தீர்ப்பை மாற்றவே முடியாது. மேகலா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். எழுந்தபோது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். இடது கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாள்.

கோலை விட்டு நேராக ரெஃப்ரீயிடம் போனாள். ஏதோ சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மேகலா ஹெல்மெட்டை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, தன் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்து ஆட்டிக் காட்டினாள். அப்புறம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெஃப்ரீ என் ஆமாமை இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த நூற்றுச் சொச்சம் பேரில் நான் சொன்னது இன்னதென்று தெரிந்தவள் மேகலா ஒருத்திதான். அவள் பேசாமல் திரும்பிப் போய் நின்றிருந்தால் விஷயம் எனக்கே தெரிந்திருக்காது.

மஞ்சள் கேப்டன் ராபின் மட்டையைத் தரையில் குத்திக்கொண்டு வந்து மேகலாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டது உதட்டசைவிலேயே தெரிந்தது. கிரெட்டா வாயைத் திறந்தபடி நின்றாள்.

ரெஃப்ரீ மறுபடியும் கண்ணாடிக்கு வந்தார். இந்தத் தடவை கூடவே ராபின், கிரெட்டா, மேகலா மூன்று பேரும். வாயால் சொல்லுங்கள் சார், யெஸ்ஸா நோவா என்றார்.

இப்போது எல்லாம் என் நாக்கில் இருந்தது. நோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மனைவிக்கு நான் தலையாட்டியது சரியாகத் தெரியவில்லை என்று ஆகிவிடும். நாலு நிமிஷத்தில் கோப்பை. ஜூனில் ஆபரேஷனுக்குப் போகும்போது ஒரு வெற்றியாவது கையில் இருக்கும். நோ என்பதற்கு வாய் குவிந்தேவிட்டது.

மேகலா ஒரு அடி முன்னால் வந்தாள். கண்ணாடியில் மூச்சுக் காற்று படுகிற தூரம்.

"வாயைத் தொறந்து சொல்லுங்க," என்றாள்.

"யெஸ்," என்றேன். "கோல்."

அடுத்த கோல்

இரண்டுக்கு இரண்டு. மிச்ச நேரத்தில் யாரும் போடவில்லை. ஓவர்டைம். எவர் முதல் கோல் போடுகிறாரோ அவருக்குக் கோப்பை. எங்கள் லீகில் ஓவர்டைமுக்குப் பக்கம் மாறுவதில்லை. மேகலா என் கண்ணெதிரே நின்றாள்.

அந்தப் பதினோரு நிமிஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மஞ்சள்காரிகளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. தட்டித் தட்டிப் போகிற அழகெல்லாம் போய், கிடைத்ததை வெளியே தள்ளினால் போதும் என்று ஆகிவிட்டது. பச்சை அலை அலையாக வந்தது. வந்ததையெல்லாம் மேகலா தடுத்தாள்.

ஒன்றைக் கையால் பிடித்தாள். ஒன்று நேராக ஹெல்மெட்டில் மோதியது. அந்தச் சத்தத்தில் என் காபி கொட்டியது. அவள் தலையை ஒரு தடவை உதறிவிட்டு நின்றாள். ஒரு தடவை விழுந்து கிடந்தாள், வலை முழுக்கத் திறந்து கிடந்தது. கிரெட்டா அடித்தே விட்டாள். கோல் என்று நான் கையைத் தூக்கப் போய்விட்டேன். மேகலா படுத்தபடியே முதுகுக்குப் பின்னால் கையை வீசினாள். கருப்பட்டி அந்த உறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பார்க்காமலே பிடித்தாள். எப்படிப் பிடித்தாள் என்று அவளைக் கேட்டாலும் தெரியாது.

வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம். சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கு நான் அழுத சத்தம் மொத்த அரங்குக்கும் கேட்டிருக்கும். கேலரியில் பச்சைக்காரர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். எதிர் அணிக் கோல்கீப்பருக்கு இப்படிக் கை தட்டியதை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு சின்னப் பெண், பச்சை அணிக்குப் புதுசு, தூரத்திலிருந்து சும்மா அடித்தாள். நடுவில் மஞ்சள்காரி ஒருத்தியின் மட்டையில் பட்டுத் திசை மாறியது. மேகலா வலது பக்கம் மண்டி போட வேண்டியிருந்தது. முழங்கால் மடங்கவில்லை. அரை நொடி. கருப்பட்டி அவள் பக்கத்திலேயே போய் வலையில் விழுந்தது.

சந்தேகத்துக்கே இடமில்லாத கோல். ரெஃப்ரீ என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கையைத் தூக்கினேன்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. பிளேஆஃப் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக வந்து, ஒருத்தர் விடாமல் கை குலுக்க வேண்டும். மூக்கை உடைத்தவளுக்கும் கை கொடுக்க வேண்டும். மஞ்சள்காரிகள் அழுதுகொண்டே கை கொடுத்தார்கள். கிரெட்டா மேகலாவிடம் வந்ததும் வரிசை நின்றுவிட்டது. அவள் கை கொடுக்கவில்லை. அந்த ஆறடி மனுஷி குனிந்து மேகலாவைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

பார்க்கிங் லாட்

வெளியே வந்தபோது தார் ரோடு கொதித்தது. ஈர ஜெர்சியும் கவசமுமாக நாறுகிற பெரிய பையைக் காரின் டிக்கியில் போட்டேன். மேகலா முன் சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை வெளியே நீட்டி, முழங்காலில் ஐஸ் பையைக் கட்டியிருந்தாள். ராபின் அவளுக்கு டாட்டாகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. நீ பெரிய ஆள் மேகலா, விளையாட்டுன்னா அதுல நேர்மை வேணும்னு காட்டிட்ட, அந்தக் கப்பைவிட இதுதான் பெரிசு என்றெல்லாம் பிரசங்கம் பண்ணினேன்.

"நேர்மையாவது மண்ணாங்கட்டியாவது," என்றாள். "எனக்கு அந்தக் கப்பு வேணுமுங்க. எவ்வளவு வேணும்னு உங்களுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். மணிக்கட்டு முறிந்தபோதுகூட அழாதவள். நான் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். தார் சுட்டது. அப்புறம் ஏம்மா போய்ச் சொன்ன என்று கேட்டேன்.

"பச்சை டீம்காரி புருஷன் ஒருத்தரு உங்களுக்குப் பின்னாடியே நின்னு போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தாரு. நாளைக்கு அதை ஓட்டிப் பாத்தா கோல்னு தெரிஞ்சுபோயிருமில்ல? பொண்டாட்டிக்காகப் பொய் சொல்லிப்போட்டான்னு உங்களைத்தான் சொல்லுவாங்க. நீங்க சொன்னது ஆமான்னு எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நானும் பேசாம இருந்தா அப்புறம் யாருங்க சொல்லுவாங்க?"

கோப்பையைக் கொடுத்துவிட்டு அவள் வாங்கிக்கொண்டு வந்தது என் பெயரை. அந்தப் பெயர் அதற்குத் தகுதியானதுதானா என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். இவ்வளவு செய்தவளிடம் மறைக்க மனசு வரவில்லை. ரெண்டாவது தடவை அவர் கேட்டப்ப நோன்னு சொல்லத்தான் வாய் வந்தது மேகலா என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. ஐஸ் பையை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினாள்.

"தெரியுமுங்க," என்றாள். "அதனாலதான் ரெஃப்ரீ கூடவே நானும் வந்து நின்னேன்."